டாங்கில் "இடது" என்று சொல்வதை நிறுத்தினோம்

ஹெல் லெட் லூஸ் என்ற இணையவழிப் போர் விளையாட்டில் நாங்கள் மூன்று பேர் டாங்க் எடுத்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. வண்டி ஓட்ட டிரைவர், பீரங்கி சுட கன்னர், சுற்றிலும் பார்த்துச் சொல்ல கமாண்டர் என்று இருக்கைகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. எதிரி டாங்கை முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் நாங்கள்தான். ஆனால் முதல் குண்டு எங்கள் மேல்தான் விழும்.

கன்னரை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. கனமான டாங்குக்கு மாறினோம், வேகம் குறைந்ததுதான் மிச்சம். பார்ப்பதை எல்லோரும் சொல்லலாம் என்றோம். மூன்று குரலும் மோதி எதுவும் காதில் ஏறவில்லை.

நான்காம் நாள் ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. கமாண்டர் "இடது!" என்கிறார். டிரைவர் வண்டியை இடப்பக்கம் திருப்புகிறார். அதே நொடியில் கன்னரும் பீரங்கியை இடப்பக்கம் சுழற்றுகிறார். பீரங்கிக் கூண்டு வண்டியோடும் சேர்ந்து திரும்புவதால் இரண்டும் கூடி, குறி இலக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. பீரங்கி பின்னோக்கி இருந்தால் இன்னும் மோசம். கன்னரின் இடது, டிரைவரின் வலது.

இப்போது கன்னருக்குத் திசைகாட்டியில் தெரியும் டிகிரி எண் மட்டும்தான்: "240, டாங்க்." அவர் "240" என்று திருப்பிச் சொன்ன பிறகே பீரங்கி சுழலும். இடது, வலது டிரைவருக்கு மட்டும். தடித்த முன்கவசத்தை எதிரிக்குக் காட்டி நிறுத்தினால், கமாண்டர் சொல்லும்வரை டிரைவர் வண்டியை அசைப்பதில்லை.

அன்றிரவே ஒரே டாங்கில் ஆட்டம் முடியும்வரை நின்றோம். அப்பாடா என்றிருந்தது.