வெனிஸில் மூன்று இரவு: நேரம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

வெனிஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கே தங்குவதில்லை. காலையில் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்கி, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அதனால் சுமார் பத்து மணிக்கு நிரம்பத் தொடங்கும் ஊர், ஐந்து மணிக்குப் பிறகுதான் மூச்சுவிடுகிறது. குறுகிய பயணத்துக்கான திட்டம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே போட வேண்டும். முக்கிய இடங்களான சான் மார்க்கோ சதுக்கம், ரியால்ட்டோ பாலப் பகுதி இரண்டையும் அதிகாலைக்கும் இரவுக்கும் ஒதுக்குங்கள். நடுப்பகலில் ஊரின் ஓரப் பகுதிகளில் இருங்கள். இதற்காகவே வெனிஸ் தீவுக்குள் மூன்று இரவு தங்கச் சொல்கிறோம். ஒரே நாளில் போய்வந்தால் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும்.

எப்போது போவது

ஏப்ரல், மே தொடக்கம், அக்டோபர் முதல் பாதி ஆகியவை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெக்கையும் கொசுவும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கார்னிவல் நடக்கும் பிப்ரவரி வாரங்களில் அறை வாடகை எகிறிவிடும். நவம்பர், டிசம்பரில் கூட்டம் குறைவு, பனிமூட்டத்தில் ஊர் மிக அழகு, ஆனால் கடல்நீர் தெருவுக்கு ஏறும் காலமும் அதுவே.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட சில நாட்களில், பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஒருநாள் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2024இல் தொடங்கிய முறை இது. நகராட்சியின் இணையதளத்தில் முன்கூட்டிப் பதிந்தால் 5 யூரோ, கடைசி நாட்களில் பதிந்தால் 10 யூரோ. ஊருக்குள் தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதே தளத்தில் விலக்குக்குப் பதிந்து கியூஆர் குறியீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஒரே சுற்றில் பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

எங்கே இறங்குவது, எங்கே தங்குவது

வெனிஸ் பெயரில் இரண்டு முக்கிய ரயில் நிலையங்கள் உண்டு. வெனிட்சியா மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. வெனிட்சியா சாந்தா லூச்சியா தீவில், ஊரின் முக்கிய நீர்வழியான கிராண்ட் கால்வாயின் கரையிலேயே இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கும்போது 'சாந்தா லூச்சியா' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். தெரியாமல் மெஸ்த்ரேயில் இறங்கிவிட்டாலும் பதறத் தேவையில்லை. அடுத்த உள்ளூர் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவுக்கு வந்துவிடலாம். விடுதி விஷயத்தில்தான் இந்தத் தவறு வலிக்கும். மெஸ்த்ரேயில் அறை மலிவு, ஆனால் காலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஊரில் இருக்கும் வாய்ப்பு போய்விடும். அந்த இரண்டு வேளைக்காகத்தான் தங்குவதே.

தீவில் ஆறு பகுதிகள் உள்ளன: கன்னரேஜோ, காஸ்தெல்லோ, சான் மார்க்கோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. முதல்முறை வருகிறவர்களுக்குக் கன்னரேஜோவைப் பரிந்துரைக்கிறோம். ரயில் நிலையத்துக்குப் பக்கம், உள்ளூர் மக்கள் இன்னும் குடியிருக்கும் தெருக்கள், உணவகங்களும் நியாய விலை. ஓவியம் பார்க்க வருகிறவர்களுக்கு தோர்சொதூரோ நல்லது. சான் மார்க்கோவில் விலை அதிகம், அமைதி குறைவு.

அறையைப் பதியுமுன் ஒரு வேலை செய்யுங்கள். விடுதியிலிருந்து அருகிலுள்ள படகுத்துறை வரை வரைபடத்தில் நடந்து பார்த்து, இடையில் எத்தனை பாலம் வருகிறது என்று எண்ணுங்கள். ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், ஏறக்குறைய எல்லாமே படிக்கட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் ஏறி இறங்கினால் அந்த நாளே களைத்துவிடும். ஒரு பாலம் பரவாயில்லை, மூன்றுக்கு மேல் என்றால் வேறு விடுதி பாருங்கள். முதியவர்களோ குழந்தை வண்டியோ உடன் வந்தால் பாலமே இல்லாத வழியாகத் தேடுங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது, இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று நகர வரி தனி. சில விடுதிகள் அதை ரொக்கமாகக் கேட்கும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த வரி இல்லை.

விமானத்தில் வந்தால் மார்க்கோ போலோ நிலையத்திலிருந்து பியாட்சாலே ரோமா வரை பேருந்து, ஏறத்தாழ 25 நிமிடம். சக்கர வண்டிகள் வரக்கூடிய கடைசி இடம் அதுதான். அங்கிருந்து படகு அல்லது நடை. அலிலகூனா படகு நேராக ஊருக்குள் கொண்டுபோய்விடும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடுதி அதன் துறையருகே இருந்தால் மட்டும் அது லாபம். சில மலிவுவிலை விமானங்கள் இறங்குவது த்ரெவீசோவில். அது வேறு ஊர், பயண நேரம் கூடும்.

படகுச் சீட்டு

ஊருக்குள் ஓடும் பொதுப் படகின் பெயர் வாப்பொரெட்டோ. ஒரு முறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45 யூரோ. 48 மணிச் சீட்டு நான்கு சவாரியில் ஈடாகிவிடும். வாங்கியதும் தொடங்கி வைக்காதீர்கள். முதல் முறை படகுத்துறை இயந்திரத்தில் காட்டும் நிமிடத்திலிருந்துதான் கணக்கு ஓடும். வந்திறங்கும் மாலை நடந்தே போக முடிந்தால் நடந்துவிட்டு, மறுநாள் காலை தொடங்கினால் கடைசி நாள் காலை வரை வரும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இயந்திரத்தில் காட்ட வேண்டும். கையில் சீட்டு இருந்தும் காட்டாமல் ஏறியவர்களுக்கு அபராதம் விழுகிறது. இந்தச் சீட்டு அலிலகூனாவில் செல்லாது.

1ஆம் எண் படகு கிராண்ட் கால்வாயில் எல்லாத் துறையிலும் நின்று போகும். பியாட்சாலே ரோமாவிலிருந்து சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். 2ஆம் எண் சில துறைகளில் மட்டும் நிற்கும், வேகம். பெரிய துறைகளில் ஒரே எண்ணுக்கு இரண்டு மிதவைகள் இருக்கும், எதிரெதிர்த் திசைகளுக்கு. பலகையில் கடைசித் துறையின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறான திசையில் போய் அரை மணி நேரம் இழப்பது இங்கே அடிக்கடி நடக்கும்.

கிராண்ட் கால்வாயைக் கடக்க நான்கே பாலங்கள். அவற்றுக்கிடையே 'த்ராகெட்டோ' என்ற கடத்துப்படகு உண்டு. துடுப்பால் செலுத்தும் நீண்ட மரப்படகான கொண்டோலாவின் வடிவமேதான், இரண்டு யூரோ, இரண்டு மூன்று நிமிடம். ரியால்ட்டோ சந்தை அருகே சாந்தா சோஃபியா துறையில் ஏறலாம். முழுக் கொண்டோலா சவாரி பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. தலைக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். சான் மார்க்கோ முகப்பில் ஏறினால் அலையும் மோட்டார்ப் படகும் தொந்தரவு. உள்ளே சிறு கால்வாயில் ஏறி, எந்த வழி போகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு

இரண்டுக்கு மட்டும் போதும்: பழைய வெனிஸ் ஆட்சித்தலைவரின் டோஜே மாளிகை, சான் மார்க்கோ பேராலயம். இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் இடைத்தரகர்கள் அதே சீட்டை அதிக விலைக்கு விற்கிறார்கள். மாளிகைச் சீட்டை 30 நாள் முன்பே வாங்கினால் விலை குறைவு. அதே சீட்டில் சதுக்கத்தின் எதிர்முனையில் உள்ள கொரெர் அருங்காட்சியகமும் அடக்கம். பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு காலை வழிபாட்டுக்கு ஒதுக்கப்படுவதால் பிற்பகலில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கும்.

நாட்களை அடுக்கும் விதம்

வந்த மாலை பெட்டியை வைத்துவிட்டு, இருட்டியதும் சான் மார்க்கோ சதுக்கம் வரை நடந்து போங்கள். வேறொன்றும் வேண்டாம்.

முதல் முழு நாள் ஏழரைக்கே சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு டோஜே மாளிகையின் முதல் நுழைவு. வந்தவுடன் பெருமன்ற அரங்குக்குப் போனால் தின்தொரெட்டோவின் பிரமாண்டமான 'சொர்க்கம்' ஓவியத்தை நெரிசலின்றிப் பார்க்கலாம். பெருமூச்சுப் பாலமும் சிறையும் அதே வழியில் பின்னால் வரும். மாளிகைக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். பிறகு பேராலயம். மேல்தளத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதைத் தவிர்க்க வேண்டாம். 1204இல் கான்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து கொண்டுவந்த நான்கு வெண்கலக் குதிரைகளின் அசல்கள் அங்கேதான் இருக்கின்றன, வெளியே தெரிபவை நகல்கள். பொன் மொசைக்குகளையும் அங்கிருந்து அருகில் காணலாம்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பகுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சான் ஜக்கரியா துறையில் 2ஆம் எண் படகு ஏறினால் அடுத்த துறை சான் ஜோர்ஜோ மஜோரே. பல்லாடியோ வடிவமைத்த தேவாலயம். அதன் மணிக்கூண்டுக்கு லிஃப்ட் உண்டு. சான் மார்க்கோ மணிக்கூண்டு 1902இல் இடிந்து 1912இல் மீண்டும் கட்டப்பட்டது. புகழ் அதற்குத்தான், வரிசையும் அதற்குத்தான். ஆனால் அதன்மேல் நின்றால் அதுவே கண்ணுக்குத் தெரியாது. சான் ஜோர்ஜோவிலிருந்து சதுக்கமும் மாளிகையும் மணிக்கூண்டும் சேர்ந்து ஒரே காட்சியாகக் கிடைக்கும், கூட்டமும் குறைவு. இறங்கி அதே 2ஆம் எண்ணில் ஜாத்தெரே கரைக்கு வந்து, தோர்சொதூரோவில் அக்காதெமியா ஓவியக்கூடம் பாருங்கள். அந்தி சாயும் நேரத்தில் பியாட்சாலே ரோமாவுக்குப் போய் 1ஆம் எண் படகில் தொடக்கத் துறையிலேயே ஏறினால் வெளியே உட்கார இடம் கிடைக்கும். இடைத்துறைகளில் ஏறினால் நிற்கத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் காலை எட்டுக்கு முன் ஃபொந்தமெந்தே நோவே துறையில் 12ஆம் எண் படகு. சுமார் முக்கால் மணியில் புரானோ. வண்ண வீடுகளின் படங்கள் எடுக்க ஒன்பது மணிதான் நேரம், பதினொன்றுக்கு மேல் சந்து அடைத்துவிடும். திரும்பும் வழியில் முரானோவில் இறங்கலாம். தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடிச் சூளைகளை அங்கே மாற்றினார்கள். 'இலவசப் படகில் சூளை காட்டுகிறோம்' என்று அழைப்பவர்கள் கடையில் கொண்டுபோய் விடுவார்கள், பொதுப் படகிலேயே போங்கள். பிற்பகலில் சான் போலோ: ஃப்ராரி தேவாலயத்தில் தித்தியனின் 'விண்ணேற்பு', அடுத்த தெருவில் தின்தொரெட்டோ வரைந்த ஸ்கோலா கிராந்தே தி சான் ரோக்கோ. விதானத்தைப் பார்க்க அங்கே கைக்கண்ணாடி கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலிக்காமல் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

கிளம்பும் காலை ரியால்ட்டோ சந்தை. மீன் சந்தை ஞாயிறும் திங்களும் இல்லை. உங்கள் மூன்றாம் காலை அந்தக் கிழமைகளில் விழுந்தால் சந்தையை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

வழியும் சாப்பாடும்

வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை. 'காஸ்தெல்லோ 4196' என்பது அந்தப் பகுதி முழுவதற்குமான தொடர் எண். விடுதியிடம் தெருப் பெயரையும் அருகிலுள்ள தேவாலயப் பெயரையும் கேட்டு வாங்குங்கள். குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறும். சுவரில் 'பேர் ரியால்ட்டோ', 'பேர் சான் மார்க்கோ' என்ற மஞ்சள் அம்புகளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சாப்பாட்டுக்கு 'பாக்கரோ' எனும் சிறு கடைகளைத் தேடுங்கள். 'சிக்கெட்டி' என்ற சிறு தின்பண்டங்களை நின்றபடி சாப்பிடலாம். பெரும்பாலானவற்றில் மீன் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே' என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். பீட்சா மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரெகானோதான். ஆனால் அதே பெயர் ஸ்பெகெட்டிக்கு வந்தால் கடலுணவாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தால் 'கொபெர்த்தோ' எனத் தலைக்குச் சில யூரோ சேரும். அது ஏமாற்று இல்லை, வழக்கம். சான் மார்க்கோ காபிக் கடைகளில் இசை ஒலிக்கும்போது அதற்கும் தனிக் கட்டணம். குடிநீர் தெருக் குழாய்களில் இலவசம், புட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, புறாவுக்குத் தீனி போடுவது, கால்வாயில் இறங்குவது எல்லாம் அபராதத்துக்குரியவை. தெருவில் போலிப் பைகள் வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம்.

நீர் ஏறும் நாட்கள்

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை 'அக்வா ஆல்த்தா' எனும் உயர் அலை வரலாம். அலை மட்டம் 110 செ.மீ. அளவுக்கு ஏறும் என்று முன்னறிவிப்பு வந்தால், கடல்நீரைத் தடுக்க 2020 முதல் பயன்பாட்டில் உள்ள மோசே தடுப்புகளை உயர்த்துகிறார்கள். அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் சான் மார்க்கோ சதுக்கம் போன்ற தாழ்வான இடங்களில்தான் தண்ணீர் நிற்கும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நகராட்சியின் அலை முன்னறிவிப்பில் உச்ச நேரத்தைப் பார்த்து, அந்த வேளைக்கு ஃப்ராரி, சான் ரோக்கோவை மாற்றி வைத்தால் நாள் வீணாகாது. நீர் ஏறிய நேரத்தில் சில படகுகள் பாலத்தடியில் போக முடியாமல் வழி மாறும். ரயிலோ விமானமோ அன்றைக்கு என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, முடிந்தால் நடந்தே நிலையத்துக்குப் போங்கள்.