மாத்திரை போட்டாயிற்று, இனி நாட்களை எண்ணுங்கள்

ஆணுறை கிழிந்தது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை 10 மணிக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பதற்றத்தில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான். மாத்திரைப் பெட்டியின் பின்பக்கம் தேதி, நேரம், கடைசி மாதவிடாயிலிருந்து அன்று 12ஆம் நாள் என்று பேனாவால் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதிவிடுங்கள், பிறகு யோசித்தால் குழம்பிப்போகும்.

இந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்குமேல் ஆகிவிட்டால் 120 மணி நேரம் வரை போடக்கூடிய யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்ற இன்னொரு அவசர மாத்திரை இருக்கிறது. 5 நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே உறுதியான வழி. பல வருடத்துக்கு அதுவே கருத்தடையாகவும் இருந்துவிடும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்பமசெபின், ரிஃபாம்பிசின் போன்றவை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டியிருக்கும்.

நான் ஏமாந்தது மாத்திரை போட்ட ஆறாம் நாள். உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை, மறுநாள் இன்னும் கொஞ்சம். ‘அப்பாடா, வந்துவிட்டது’ என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது மாதவிடாய் இல்லை. ஹார்மோன் ஏறி இறங்குவதால் இப்படித் திட்டுத்திட்டாகப் படுவது சகஜம். அதை வைத்துக் கர்ப்பம் இல்லை என்று சொல்லவே முடியாது. உண்மையான மாதவிடாய் சிலருக்குச் சில நாள் முந்தும், சிலருக்குப் பிந்தும். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் எனக்கு அது 36ஆம் நாள்தான் வந்தது.

எண்ணிய தேதிக்கு மேல் 7 நாள் தள்ளினாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பட்டாலோ, கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். உறவு கொண்டு 3 வாரம் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம். நான் 22ஆம் நாள் பார்த்தேன், ஒரே கோடு, கர்ப்பம் இல்லை. அதற்கு முன் பயத்தில் பத்தாம் நாளே பார்த்தது வெறும் தண்டச் செலவு. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல் என்றால் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

சரி, தினசரி போடும் கருத்தடை மாத்திரையை எப்போது தொடங்குவது? மாதவிடாய் வரட்டும் என்று நான் 24 நாள் சும்மா இருந்தேன். கிழிந்துபோன அதே ஆணுறையை நம்பி! டாக்டரம்மா என் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “மறுநாளே ஆரம்பித்திருக்கலாமேம்மா” என்றார். அவசர மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போன முட்டை அடுத்த வாரம் வரலாம். ஆகவே மாத்திரை போட்ட பிறகு கொள்ளும் உறவுக்கு அது காவல் இல்லை.

லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்கள் உடனே தொடங்கலாம். முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். யூலிப்ரிஸ்டல் என்றால் கணக்கு வேறு: 5 நாள் பொறுத்து, ஆறாம் நாள் தொடங்கி, அதிலிருந்து இன்னும் 7 நாள் ஆணுறை. அவசரப்பட்டு முன்னாலேயே தொடங்கினால் தினசரி மாத்திரையின் ஹார்மோன் யூலிப்ரிஸ்டலின் வேலையைக் கெடுத்துவிடும். இப்படி இடையில் தொடங்குபவர்கள் 3 வாரம் கழித்து ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

எந்த தினசரி மாத்திரை என்பதை மட்டும் தோழியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு வந்த வரலாறு, கண்ணில் ஒளிக்கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஆகாது.

என் மாத்திரை அட்டை பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் மறுபடி அதே பழுப்புக் கறை. உடம்பு பழகும் வரை இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தேதியைக் குறித்துக்கொண்டு மறுநாள் மாத்திரையைப் போட்டேன்.