இணைய இதழியல் அறம் பற்றிய மாநாட்டுக்குச் செல்லும் தோட்டப்புற மாணவருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருந்துகொண்டு வலைப்பூவோ முகநூல் பக்கமோ நடத்தும் ஒரு மாணவர், வலைப்பதிவு அறத்தையும் இணைய இதழியலையும் பற்றிய மாணவர் மாநாட்டுக்குக் கோலாலம்பூர் சென்றால், அங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி தலைநகரச் செய்தி நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவதாகவே அவருக்குத் தோன்றும். ஆகவே, உங்கள் ஊரில் உங்களைத் தடுமாற வைத்த ஒரு சிக்கலைக் கையோடு கொண்டுசென்று, அதற்கு விடை தேடும் நோக்கத்தோடு அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தச் சிக்கலை முன்கூட்டியே ஒரு பக்கத்துக்குள் எழுதி வையுங்கள். செம்பனைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சில நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி ஒருவர் விவரத்தையெல்லாம் சொல்லிவிட்டு, “தம்பி, என் பேரை மட்டும் போட்டுடாதீங்க” என்கிறார். பெயரை விட்டுவிடலாம், ஆனால் அவர் எந்த வரிசையில் குடியிருக்கிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எழுதினாலே தோட்டத்து எழுத்தரான கிராணி முதல் மேனேஜர் வரை அனைவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெருநகரத்தில் பெயரை மறைத்தால் பெரும்பாலும் போதும். தோட்டத்திலோ வேலையோடு குடியிருக்கும் வீடும் நிர்வாகத்தின் கையில் இருப்பதால், அடையாளம் வெளிப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு நேரும் இழப்பு மிகப் பெரிது. பேச்சாளரிடம் கேட்பதற்கு இதைவிடத் தகுந்த கேள்வி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

புறப்படுமுன் சட்டத்தையும் கொஞ்சம் படித்துச் செல்லுங்கள். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் ஆபாசமான, பொய்யான, மிரட்டலான பதிவுகளை இடுவதைக் குற்றமாக்கும் 233ஆவது பிரிவை அறியாமல் இந்நாட்டில் எவரும் இணையத்தில் எழுதக் கூடாது. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு மாணவர்களை இன்னும் நேரடியாகத் தொடுகிறது: ஒரு பதிவு எந்த இணையச் சேவையிலிருந்து புறப்பட்டதோ, அதன் பதிவுபெற்ற சந்தாதாரரே, மாறாக நிறுவப்படும் வரை, அதை வெளியிட்டவராகக் கருதப்படுவார். வீட்டு இணைய இணைப்பு அப்பாவின் பெயரில் இருந்தால், பதில் சொல்ல வேண்டிய நிலை அவருக்கே வரலாம். வாசகர் எழுதும் கருத்துகளுக்கும் பொறுப்பு உண்டு. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி இணையச் செய்தித் தளத்துக்கு நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தின் பேரில் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. கருத்துகள் நீக்கப்பட்ட பின்பும் பொறுப்பு நீங்கவில்லை. குற்ற வழக்கில் தொடர்புடைய சிறுவரின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் தடுக்கிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பள்ளிச் சண்டைக் காணொளிகள் கை மாறும் வேகத்தைப் பார்த்தால், இதை நாம்தான் அதிகம் நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளி அனுமதிக் கடிதத்தையும் பெற்றோரின் கையொப்பத்தையும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். விடுமுறைக் காலமென்றால் ரயில் டிக்கெட்டையும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

அரங்கில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். மேடையில் சொன்னதை எழுதலாம். தேநீர் இடைவேளையில் ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை அவரிடம் கேட்காமல் எழுதுவது, நீங்கள் கற்க வந்த அறத்துக்கே எதிரானது. குறிப்பெடுக்கும்போது பேச்சாளரின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும் உங்கள் எண்ணத்தைத் தனிப் பத்தியிலும் எழுதினால், பிறகு இரண்டும் கலந்துபோகாது. கேள்வி நேரத்தில் ஆங்கிலத்திலோ மலாயிலோ தடையின்றிப் பேச வரவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். எழுதி வைத்த பக்கத்தை நிதானமாக வாசித்தாலே போதும். அந்த அரங்கில் லயத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச உங்களைத் தவிர வேறு எவரும் இல்லாமல் போகலாம்.

திரும்பியதும், தவறு நேர்ந்தால் எப்படித் திருத்துவீர்கள், வாசகர் கருத்துகளை யார் பார்வையிடுவார், பெயர் மறைப்பது எப்போது என்பவற்றை எழுதி, பொறுப்பாசிரியரிடம் காட்டிவிட்டு உங்கள் பக்கத்தில் வெளியிடுங்கள். பிறகு அந்தத் தொழிலாளியிடம் சென்று, அவரைப் பற்றிய வரிகளை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் தயங்கினால் அவ்வரிகளை எடுத்துவிட்டு, நீங்கள் நேரில் கண்ட வறண்ட குழாயையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்ற விளக்கத்தையும் கொண்டே அந்தச் செய்தியை எழுத முடியும்.