ராஜவிசுவாசி வக்கீலின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்ற வக்கீல்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காகிதத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அவற்றில் ஒரு பங்கு எதிரிகள் எழுதியது. இன்னொரு பங்கு, இழந்த சொத்துக்கு நஷ்டஈடு கேட்டு அந்த வக்கீலே எழுதியது. அதனால் எதைக் கையில் எடுத்தாலும், யாருக்கு, என்ன வேண்டி எழுதியது என்பதை முதலில் பாருங்கள். அரசர் ஆட்சியில் மாசசூசெட்ஸின் கடைசி அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜோனதன் சூவலை (1729–1796) வைத்தே பார்ப்போம்.

பெயரிலேயே தடுக்கும். புலம்பெயர்ந்த பிறகு அவர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஈ’ போட்டுக்கொண்டார். இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் பாதி வாழ்க்கை கைநழுவும். அதே பெயருள்ள மகன் பின்னாளில் லோயர் கனடாவின் (இன்றைய கியூபெக் பகுதி) தலைமை நீதிபதி. அந்தப் பதவியைத் தந்தை தலையில் கட்டிவிடாதீர்கள். 1752-க்கு முந்தைய தேதிகள் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் இருக்கும்; அதில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும், தேதியும் இன்றைய கணக்கைவிட 11 நாள் பின்தங்கியிருக்கும். மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, பழைய கணக்கு என்று குறித்தால் போதும்.

பணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாசசூசெட்ஸ் பவுண்டும் லண்டன் ஸ்டெர்லிங்கும் ஒன்றல்ல. ஒரு ஸ்பானிய டாலர் அங்கே 6 ஷில்லிங், லண்டன் கணக்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். ஆகவே உள்ளூர்த் தொகையை முக்காலால் பெருக்கினால் ஸ்டெர்லிங் வரும். 1768-இல் சூவலுக்கு, இன்றைய கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸில், ஜூரி இல்லாத கடல்வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதி பதவி கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 600 ஸ்டெர்லிங். உள்ளூர்க் கணக்கில் அது 800. இந்த விகிதம் தெரியாமல் இரு தொகைகளையும் பார்ப்பவர் அவரைப் பொய்யர் என்று எழுதிவிடுவார். நியூயார்க்கில் டாலர் 8 ஷில்லிங். அங்கே இந்த முக்கால் கணக்கு செல்லாது.

அடுத்து நஷ்டஈட்டுக் கோப்புகள். ராஜவிசுவாசிகளின் இழப்புகளை விசாரிக்க 1783-இல் பிரிட்டன் அமைத்த ஆணையத்தின் ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தணிக்கை அலுவலக வரிசையில் இருக்கின்றன. 12-ஆம் தொடரில் சாட்சி விசாரணைப் பதிவேடுகள். 13-ஆம் தொடரில் மூல மனுக்கள். மனுவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். இழந்ததைக் கூட்டிச் சொல்ல மனுதாரருக்குக் காரணம் உண்டு. ஆணையர்களும் அதைத் தெரிந்தேதான் சாட்சிகளைக் குடைந்து கேட்டார்கள். சொத்து விவரத்தை மாசசூசெட்ஸின் மிடில்செக்ஸ் கவுண்டிப் பத்திரப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். ராஜவிசுவாசிகளின் சொத்தைப் பறிக்க மாசசூசெட்ஸ் இயற்றிய 1779-ஆம் ஆண்டுச் சட்டம் சூவலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

புனைபெயர்க் கட்டுரைகளில் இன்னும் கவனம் தேவை. மாசசூசெட்ஸ் ஆளுநர் பெர்னார்டை ஆதரித்து ‘ஃபிலாந்த்ராப்’ என்ற பெயரில் எழுதியவர் சூவல். 1774–75-இல் ‘மாசசூசெட்டென்சிஸ்’ என்ற பெயரில் மன்னர் பக்கம் பேசி வந்த கடிதங்களையும் அவர்தான் எழுதினார் என்று, நெருங்கிய நண்பரும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஜான் ஆடம்ஸே பல்லாண்டுகள் நம்பினார். உண்மையில் எழுதியவர் இன்னொரு ராஜவிசுவாசி வக்கீலான டேனியல் லெனர்ட். நண்பரே ஏமாந்த இடத்தில் நடையை மட்டும் வைத்து நாம் முடிவு கட்டக் கூடாது.

அவர் ஏன் மன்னர் பக்கம் போனார்? தந்தையின் சகோதரரான, மறைந்த ஸ்டீபன் சூவலின் கடனை அடைக்கச் சட்டமன்றம் உதவாததால் வந்த கசப்பு என்கிறார் ஆடம்ஸ். இது அரை நூற்றாண்டு கழித்துச் சொன்னது. சொன்னவர் பெயரோடு எழுதுங்கள், உங்கள் முடிவாக எழுதாதீர்கள்.

கடைசியாக, வழக்குப் பதிவேடுகளைக் கட்சிக்கண்ணாடி இல்லாமல் புரட்டுங்கள். புரட்சித் தரப்பு வணிகர் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பல் கடத்தல் விவகாரத்தில் அரசுக்காக வழக்குப் போட்டவர் சூவல். அந்த வழக்கு 1769 மார்ச்சில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜேம்ஸ் என்ற அடிமை தன் எஜமானர் ரிச்சர்ட் லெச்மியர்மீது போட்ட வழக்கில் ஜேம்ஸுக்காக நின்றவரும் அவரே. ஜேம்ஸ் விடுதலையானார். சில ஆண்டுகளில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அதே லெச்மியரின் வீட்டைச் சூவல் வாங்கினார். 1774 செப்டம்பர் 1-ஆம் தேதி கூட்டம் சூழ்ந்து தாக்கியது அந்த வீட்டைத்தான். இந்த மூன்றையும் ஒரே அத்தியாயத்தில், தேதி வரிசையில் வையுங்கள்.