பேஸ் கிட்டாரோடு மேடையேறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் கச்சேரிகளில் புதுப் பையன்கள் பலரை பேஸ் கிட்டாரோடு பார்க்கலாம். விரல் நன்றாக ஓடுகிறது, வீட்டில் உட்கார்ந்து உழைத்திருப்பது தெரிகிறது. ஆனால் அவர்களுக்கு முன்னால் மெல்லிசை மேடைக்கு வந்தவர்கள் செய்த அதே பிழைகள் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகின்றன. ட்யூன் பண்ணிவிட்டு ஏறு, உபரிக் கம்பி வைத்துக்கொள், ட்ரம்மரைப் பார்த்து வாசி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவை இங்கே வேண்டாம்.

கேட்கவில்லை என்றதும் பேஸ் நாபைத் திருகுவது

எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். பணமும் போகும், கச்சேரியும் கெடும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) பேஸை, அதாவது அடி ஒலியை ஏற்றி, மிட் என்கிற நடு ஒலியைக் குறைத்து, ட்ரெபிள் என்கிற மேல் ஒலியைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். அதே செட்டிங்கோடு மேடைக்கு வருகிறார்கள். ட்ரம்ஸ், தபேலா, டோலக், கீபோர்டு எல்லாம் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய்விடுகிறது. உடனே பின்னால் திரும்பி ஆம்பில் பேஸ் நாபை முழுக்கத் திருகுகிறார்கள். பலகை மேடை அதிர்கிறது, ஆனால் வாசிப்பது எந்த ஸ்வரம் என்று மட்டும் யாருக்கும் புரிவதில்லை. பாடகர் சுருதி பிடிபடாமல் திரும்பி முறைக்கிறார். அதற்கும் பதிலாக இன்னும் கொஞ்சம் திருகுகிறார்கள்.

நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். மேடையில் வைக்கிற 10 அங்குல, 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த அடி ஒலியை முழு பலத்தோடு தருவதில்லை. காது ஸ்வரத்தை அடையாளம் காண்பது அதற்கு மேலே 82, 124, 165 என்று அடுக்காக வருகிற ஒலிகளைக் கொண்டுதான். விரல் கம்பியைத் தொடுகிற தெளிவு 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. மிட் நாபைக் குறைத்தபோது அதைத்தான் வெட்டி எறிந்தோம். மிச்சம் வைத்திருக்கிற இடத்திலோ கிக் ட்ரம்மும் தபேலாவின் டக்காவும் (இடது கைத் தபேலா) ஏற்கெனவே இடித்துக்கொண்டு நிற்கின்றன.

பணம் போகிற கணக்கு இது. ஒலியை 3 டெசிபல் கூட்ட ஆம்ப் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும். 12 டெசிபல் கூட்டினால் ஏறக்குறைய 16 மடங்கு. அடி ஒலிக்கு 10 வாட்ஸ் செலவழித்துக்கொண்டிருந்த 100 வாட்ஸ் ஆம்பிடம் இப்போது 160 வாட்ஸ் கேட்கிறோம். அது முடியாமல் கிளிப் ஆகும், அதாவது ஒலி வெட்டுப்பட்டுச் சிதையும். ஸ்பீக்கர் கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் அடிக்கும், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) உரசும், மூன்றாவது பாட்டுக்குள் கரகரப்பும் கருகல் வாடையும் வந்துவிடும். ஆம்ப் வாடகைக்கு வந்ததென்றால் காயில் மாற்றுகிற செலவு அன்றைய சம்பளத்தில் கழியும். சொந்த ஆம்ப் என்றால் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் பாதி நேரம் குறை டோனில் இருப்பதே இல்லை, ஆம்ப் வைத்த இடத்தில் இருக்கிறது. ஆம்ப் தரையில், வாசிப்பவர் அதற்கு இரண்டடி முன்னால். மிட்டும் ட்ரெபிளும் நேர்கோட்டில் பாய்பவை, அவை கெண்டைக்காலில் மோதி நின்றுவிடுகின்றன. சுற்றிப் பரவுகிற அடி ஒலி மட்டும்தான் காதுக்கு வருகிறது. ஆம்பை ஒரு உறுதியான இரும்பு நாற்காலியிலோ பெட்டியிலோ தூக்கி வையுங்கள், அல்லது முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துக் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். அடியில் மடித்த ரப்பர் ஷீட் போட்டால் பலகை மேடையின் உறுமலும் குறையும். நிறைய மேடைகளில் இதற்கு மேல் எதையும் தொட வேண்டியிருக்காது.

தொட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் டோன் நாப்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துங்கள். ஹை பாஸ் ஃபில்டர் (வைத்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் நான்கு கம்பிக்கு 35 முதல் 40 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பிக்கு 30. மண்டபம் குடம் போல ஒலித்தால் 200, 250 பக்கம் 3 டெசிபல் குறையுங்கள். 800 பக்கம் 3 அல்லது 4 டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் இந்த டோன் மூக்கடைத்துப் போய் அசிங்கமாகத்தான் இருக்கும். குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வால்யூமைக் கூட்டுங்கள், பேஸை அல்ல. சவுண்ட் செக்கில் நீளமான கேபிள் ஒன்றைப் போட்டுக்கொண்டு முதல் வரிசை நாற்காலி வரை இறங்கிப் போய் வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: ஆம்பின் டிஐ அவுட் (மிக்ஸருக்கு ஒலி போகிற துளை) பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். ப்ரீயில் வையுங்கள். போஸ்ட்டில் இருந்தால் மேடைக்காக நீங்கள் திருகியதெல்லாம் மைக்செட்காரரின் 18 அங்குல சப் ஊஃபருக்கும் போகும். திட்டு வாங்குவது அவர், காரணம் நீங்கள்.

"அரைக்கட்டை இறக்கு"

பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், பாட்டு ஆரம்பிக்க ஒரு நிமிஷம் முன்னால், சுருதியை அரை ஸ்வரம் இறக்கச் சொல்லி இப்படிக் கேட்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனைத் தட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே வாசிப்பார். அவர் விரலைப் பார்த்து ரூட் (கார்டின் ஆதார ஸ்வரம்) பிடிக்கிற பழக்கம் உள்ள பேஸிஸ்ட் அங்கேயே மாட்டிக்கொள்வார், ஏனென்றால் கீபோர்டில் அழுத்துகிற கீ வேறு, வருகிற ஒலி வேறு.

கட்டைக் கணக்கு (சுருதிக்குச் சொல்கிற எண்) மனப்பாடமாக இருக்கட்டும். 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மூன்றரை என்று ஒன்று கிடையாது. 4 கட்டையிலிருந்து அரை இறங்கினால் 3 தான், ஒரே ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்).

திறந்த கம்பியை நம்பிப் பாட்டைப் படித்தவர்களுக்குத்தான் இதில் திண்டாட்டம். 3 கட்டைப் பாட்டு 2½ ஆனால், நான்கு கம்பியில் ஈக்குக் கீழே இடமில்லை. ஏ கம்பியின் 6ஆவது ஃப்ரெட்டுக்கு ஏற வேண்டும், ஐந்து கம்பி என்றால் பி கம்பியின் 4ஆவது ஃப்ரெட். எந்தப் பாட்டையும் திறந்த கம்பி இல்லாமல் ஒருமுறை படித்து வைத்தால் கையை அப்படியே நகர்த்திக்கொள்ளலாம். சிலர் அவசரத்தில் நான்கு பிருடையையும் (கம்பியை முறுக்கும் திருகு) இறக்குகிறார்கள். கம்பி தளர்ந்து முதல் ஃப்ரெட்டுகளில் உரசி இரையும், சுருதியும் நிற்காது, அடுத்த பாட்டுக்கு மறுபடி ஏற்ற வேண்டும்.

கீபோர்டின் இடது கை

பேஸிஸ்ட் இல்லாமல் கச்சேரி செய்து பழகிய கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வாசித்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேஸ் சேர்ந்தால் இரண்டும் கேட்காது. மேடையேறுவதற்கு முன்னால், "அண்ணே, லெஃப்ட் ஹேண்ட் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். புல்லாங்குழலுக்காக அவர் ட்யூனிங்கை, அதாவது ஏ ஸ்வரத்தின் ஹெர்ட்ஸை, 442க்கு மாற்றி வைத்திருக்கிறாரா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ட்யூனர் 440இலேயே நிற்கும்.

9 வோல்ட் பேட்டரி

ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் ஓடுகிற சர்க்யூட் உள்ளது) கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். இடைவேளையில் கேபிளைப் பிடுங்குங்கள்.

ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிள்

கூடாது. ஹெட் என்பது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கர் கேபிள் வேறு சாமான். 8 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2. ஹெட்டின் பின்னால் குறைந்தபட்சம் 4 என்று எழுதியிருந்தால் இரண்டாவது 4 ஓம் பெட்டியைச் செருகாதீர்கள்.

ரிசப்ஷன் மெலடியில் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது)

வேண்டாம்.

எர்த் இல்லாத ஜெனரேட்டர்

கம்பிகள் பிரிட்ஜ் (அவற்றை மாட்டுகிற உலோகத் தட்டு) வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் இருந்து, எர்த்தும் சரியில்லை என்றால், கம்பியைப் பிடித்தபடி கோரஸ் பாட வாயை மைக்கில் வைக்கும்போது ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்டரை மைக்கின் வலையில் ஒருமுறை, கம்பியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்கிற வரை எதையும் தொடாதீர்கள். இரைச்சல் போக வேண்டுமென்று ப்ளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, பின்னில் கை வைக்காதீர்கள்.

கச்சேரியன்று புதுக் கம்பி

இரண்டு நாள் முன்னால் மாற்றுங்கள். பிருடைக் கம்பத்தைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, முதலில் 90 டிகிரி மடக்கிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று கழன்று, புதுக் கம்பி அன்றைக்கே செத்த ஒலி கொடுக்கும்.