கையெழுத்துக்கு முன் ஒரு நிபந்தனை வரி

ஜெர்மனியில் சொந்த வீட்டின் பழைய கொதிகலனை மாற்றி ஹீட் பம்ப் (காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) பொருத்துகிறீர்களா? ஜெர்மன் அரசு வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ (KfW) இதற்கு மானியம் தருகிறது. "கேஎஃப்டபிள்யூ மானியம் உறுதியானால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்" என்ற நிபந்தனையையும், வேலை எப்போது முடியும் என்ற உத்தேசத் தேதியையும் பொருத்தும் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

நிபந்தனை இல்லாமல் கையெழுத்திட்டால் அதுவே வேலை தொடங்கியதாகக் கணக்காகிவிடும். அப்புறம் விண்ணப்பித்துப் பயனில்லை. இழப்பது சின்னத் தொகையும் அல்ல. 2024 விதிகளின்படி தனிவீட்டுக்கு 30,000 யூரோ வரையிலான செலவில் அடிப்படை மானியமே 30%. கூடுதல் சலுகைகள் சேர்ந்தால் உச்சம் 70%, அதாவது 21,000 யூரோ.

ஒப்பந்தம் ஆனதும், திட்டமிட்ட வேலை மானிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற உறுதிச்சான்றை அந்த நிறுவனத்திடமோ எரிசக்தி ஆலோசகரிடமோ கேளுங்கள். அதன் எண் இல்லாமல் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. பலருக்குத் தாமதமாவது இங்கேதான்.

ஆலோசனைக்கும் திட்ட வரைவுக்கும் இந்த நிபந்தனை தேவையில்லை, முன்பே ஏற்பாடு செய்யலாம். புதுவீட்டுக்கு இந்த மானியமே கிடையாது: கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்து 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.