காசு கொடுத்து வாங்கிய பூச்சியை நாமே கொல்வது

போன மாதம் கெலமங்கலம் பக்கம் ஒரு குடைமிளகாய் பாலிஹவுசுக்கு, அதாவது பாலித்தீன் கூரை போட்ட குடிலுக்கு, கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக இறங்கியிருக்கும் தம்பி. இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களைப் பெங்களூருவிலிருந்து புட்டி புட்டியாக வரவழைத்து விட்டிருக்கிறார். "பத்து நாள் ஆச்சுண்ணா, ஒண்ணையும் காணோம். ஏமாத்திட்டாங்க போல" என்றார். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "விடுறதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில் வந்தது.

வலை கிழிந்திருக்கக் கூடாது, இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, நல்ல பூச்சி விடுகிறவர்கள் செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

"கடைசியா ஒரே ஒரு தடவை"

இதுதான் அந்தப் பதில். "பேன் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. கடைசியா ஒரு தடவை மருந்தடிச்சுக் குறைச்சுட்டு, அப்புறம் விட்டேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

எனக்கு அப்போது 25 சென்ட் குடில், மஞ்சள் குடைமிளகாய். மார்ச் மாதம், கடையில் கொடுத்த செயற்கைப் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்தை அடித்தேன். ஐந்தாம் நாள் வாசனை போய்விட்டது, இனி பயமில்லை என்று இரைவிழுங்கிகளைத் தூவினேன். ஒரு வாரத்தில் அத்தனையும் காலி.

வாசனை போனதும் விஷம் போய்விடாது. பைரித்ராய்டின் எச்சம் இலையில் வாரக்கணக்கில் நின்று நல்ல பூச்சிகளைக் கொல்லும். குடிலுக்குள் அதைக் கழுவ மழை கிடையாது. கூரைப் பாலித்தீன் வெயிலின் கடுமையையும் குறைப்பதால், வெளி வயலைவிட இங்கே அது தங்கும் நாளும் அதிகம்.

இன்னொன்று, சிலந்திப்பேன் பூச்சியே அல்ல. எட்டுக் கால், சிலந்திச் சாதி. பூச்சிக்கென்று செய்த மருந்துகள் பல அதை அசைக்கக்கூட அசைக்காது. ஆக, திருடன் பிழைத்தான், காவலுக்கு வந்தவன் செத்தான். 30 டிகிரி வெப்பத்தில் சிலந்திப்பேன் முட்டை ஒன்று முழுப் பேனாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஏப்ரல் முடிவதற்குள் நுனியெல்லாம் நூலாம்படை. இன்னும் மூன்று மாதம் காய்த்திருக்க வேண்டிய செடியைப் பிடுங்கிப் போட்டேன்.

சரி, இரசாயனத்தை நிறுத்திவிட்டேன் என்கிறவர்களாவது தப்பிக்கிறார்களா என்றால், இல்லை. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இங்கேதான். சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடித்துவிட்டு, "அது பூஞ்சாண மருந்துதானே" என்பார்கள். கந்தகம் இரைவிழுங்கிப் பேனுக்கு ஆகாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் நேராக மேலே பட்டால் நல்லது கெட்டது பார்க்காது. அதை அடிப்பதென்றால், இவற்றை விடுவதற்குச் சில நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அப்புறம், உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத "இயற்கை மருந்து" புட்டிகள். அடித்த மறுநாளே எல்லாம் சுருண்டு விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நான் இப்போது செய்வது இது. மூடி போட்ட இரண்டு டப்பா. ஒன்றில் குடிலின் இலை நான்கு, மற்றதில் மருந்தே காணாத கொல்லைச் செடியின் இலை நான்கு. இரண்டிலும் லேசாக நனைத்த துணி ஒரு துண்டு, புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை. நிழலில் ஒரு நாள் வைத்துவிட்டு லென்சில் பார்ப்பேன். கொல்லை இலையில் ஓடிக்கொண்டிருந்து குடில் இலையில் செத்துக் கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டிலும் செத்திருந்தால்தான் சரக்கு அனுப்பியவரிடம் சண்டைக்குப் போகலாம்.

மரவள்ளி போட்ட தர்மபுரிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2008-இல் தமிழ்நாட்டுக்குள் வந்து மரவள்ளியையும் தாக்கிய பப்பாளி மாவுப்பூச்சி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த அசெரோபேகஸ் என்ற சின்னக் குளவிதான் அதை அடக்கியது. குளவியை விட்ட இடத்தில் மருந்தடிக்காதீர்கள் என்று அப்போதே படித்துப் படித்துச் சொன்னார்கள்.

முற்றிய பிறகு விடுவது

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளி தெரிந்த அன்றே விட வேண்டும். பத்துச் சிலந்திப்பேனுக்கு ஓர் இரைவிழுங்கி என்பது என் கணக்கு. நூலாம்படை கட்டிய பிறகு என்றால், முதலில் அந்த நுனிகளை வெட்டிப் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோங்கள். மற்ற இலைகளின் அடிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். அதன் பிறகு விடலாம்.

விட்டது பிடித்துக்கொண்டதா என்று பார்க்க முட்டையைத் தேடுங்கள். சிலந்திப்பேன் முட்டை உருண்டை. நம் ஆளின் முட்டை கொஞ்சம் பெரிது, நீள்வட்டம். இலையில் விறுவிறுவென்று ஓடுவது நம் ஆள், மந்தமாக நகர்வது எதிரி.

புழுவைக் கண்டதும் நசுக்குவது

மாவுப்பூச்சிக்கு விடும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு, பார்க்க மாவுப்பூச்சியைப் போலவேதான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. எங்கள் குடிலில் வேலை செய்யும் அக்கா ஒரு முறை ஈரத் துணியால் ஒரு வரிசை முழுவதும் அழகாகத் துடைத்து வைத்துவிட்டார். "மாவுப்பூச்சி பெருசு பெருசா இருந்துச்சு சாமி" என்றார். தப்பு அவருடையதல்ல, முன்கூட்டியே காட்டாத என்னுடையது. பெரிதாக இருந்து, தொட்டதும் வேகமாக நகர்ந்தால் அது வண்டுப் புழு.

எறும்பை விட்டுவைப்பது

மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் எறும்புதான் அடியாள். முதலில் அதை விரட்டுங்கள்.

நண்பகலில் தூவுவது

வேண்டாம். சாயங்காலம்.

அட்டை எல்லாவற்றுக்கும் என்று நினைப்பது

டிரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவி வெளிவரும் அட்டை அந்துப்பூச்சி முட்டைக்கு மட்டும். சிலந்திப்பேனுக்கு அதைக் கட்டித் தொங்கவிட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

ஓசூர்க் கணக்கைத் தர்மபுரியில் போடுவது

ஓசூரும் தளியும் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே பலித்தது என்பதற்காகத் தர்மபுரியில் ஏப்ரல் மாதம் அதையே செய்தால் கைகொடுக்காது. காற்று காய்ந்துபோனால் இரைவிழுங்கிப் பேனின் முட்டை வற்றிவிடும். சிலந்திப்பேனுக்கோ அதுதான் கொண்டாட்டம். நிழல்வலையை இழுத்துவிட்டு, மதியம் பனிபோல் தண்ணீர் தூவும் ஃபாகரைச் சிறிது சிறிதாக ஓட்டி, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் விடுங்கள். முடியாதென்றால் கோடை தணியும்வரை காசைச் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது

சிலந்திப்பேன் அடியோடு ஒழிந்தால் அதைத் தின்னவே வந்தவை பட்டினி கிடந்து போய்விடும். அடுத்த முறை பேன் வரும்போது காவலுக்கு ஆள் இருக்காது. என் குடிலின் வடக்கு மூலையில் நாலு செடி எப்போதும் கொஞ்சம் வெளிர்ப்புள்ளியோடுதான் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் நேராக அங்கேதான் போய், "இதுக்கு ஏதாச்சும் அடிக்கலாமேண்ணா" என்பார்கள்.